அரியணையும் கருவூலமும்

1956 சூலைத் திங்கள் 26ஆம் நாள், எகிப்து அதிபர் நாசர் சூயசுக் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். அக்டோபர் இறுதியில் இசுரேல் சினாய்க்குள் புகுந்தது. கால்வாயை மீட்கும் நோக்கில் நவம்பர் 5 அன்று பிரித்தானிய, பிரெஞ்சு வான்குடைப் படைகள் போர்ட் சையதில் இறங்கின. களத்தில் அவை தோற்கவில்லை. ஆயினும் மறுநாளே போர்நிறுத்தத்துக்கு இலண்டன் இணங்கிற்று. பவுண்டு பெரும் நெருக்கடியில் இருந்தது, படைகள் வெளியேறாமல் பன்னாட்டு நிதியத்தின் உதவி கிட்டாது என்பதில் வாசிங்டன் உறுதியாக நின்றது. வெளியேற ஒப்பிய பின்னரே ஏறத்தாழ 130 கோடி டாலருக்கு வழி திறந்தது. 1957 சனவரியில் பிரித்தானியத் தலைமை அமைச்சர் ஈடன் பதவி விலகினார். அதே ஆண்டில் பிரித்தானியாவின் திருகோணமலைக் கடற்படைத் தளமும் இலங்கை அரசின் கைக்கு வந்தது.

அந்த வீழ்ச்சிக்கு வித்திட்டவை இரு உலகப் போர்களின் செலவுகள். 1946இல் அமெரிக்காவிடம் பெற்ற 375 கோடி டாலர் கடனின் இறுதித் தவணையைப் பிரித்தானியா 2006 திசம்பரில்தான் செலுத்தியது. பிரித்தானியாவுக்கு நெடுநாள் முன்னரே, தென் அமெரிக்காவின் பொட்டோசி மலையின் வெள்ளி கப்பல் கப்பலாக வந்து குவிந்த காலத்தில், எசுப்பானிய மன்னர் இரண்டாம் பிலிப்பு 1557, 1575, 1596 ஆகிய ஆண்டுகளில் கடன்காரர்களிடம் கைவிரித்தார். ஓயாப் போர் அத்தனை வெள்ளியையும் விழுங்கிவிட்டது.

இன்றைய அமெரிக்காவும் அவ்வழியில்தான் செல்கிறதா? 2024 நிதியாண்டில் அந்நாட்டு நடுவண் அரசு வட்டிக்குச் செலுத்திய தொகை பாதுகாப்புச் செலவை விஞ்சியது. ஆனால் ஒரு வேற்றுமையை மறத்தலாகாது. பிரித்தானியாவை நெருக்கியது டாலர்ப் பற்றாக்குறை. அமெரிக்காவோ தன் நாணயத்திலேயே கடன்படுகிறது. ஆகவே சூயசைப் போல் ஒரே வாரத்தில் அது மண்டியிடாது. அதன் வலிமையை அரிப்பது வேறொன்று: தான் முன்னின்று அமைத்த ஒழுங்கைத் தானே கைவிடுதல். உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டு மன்றம், உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்ததால், 2019 திசம்பர் முதல் முடங்கிக் கிடக்கிறது.

அமெரிக்காவின் இடத்தை நிரப்ப வருவோர் யார்? சீனத்தின் ஆலைகளுக்கு இணையில்லை. எனினும் அதன் மக்கள்தொகை 2022 முதல் குறைந்து வருகிறது. மூலதனம் தடையின்றி வந்துபோக விடாத நாட்டின் நாணயம் உலகப் பொதுநாணயமாதல் அரிது. ஐரோப்பாவிடம் செல்வம் உண்டு, ஒரே குரல் இல்லை.

நாம் அஞ்சுவது தலைமை கைமாறுவதை அன்று. அது எவர் கையிலும் இல்லாத இடைக்காலத்தையே. 1930இல் அமெரிக்கா சுங்கவரிகளை உயர்த்தியது. மறு ஆண்டு பிரித்தானியா பொன் நாணய முறையைக் கைவிட்டது. பழைய தலைவனுக்கு ஆற்றல் இல்லை, புதியவனுக்கு மனம் இல்லை. அப்பத்தாண்டு எப்படி முடிந்தது என்பதை உலகம் அறியும்.

நம் நிலை என்ன? இந்தியா 2023இல் மக்கள்தொகையில் முதலிடம் பெற்றது. அப்பெருமை மட்டும் நம்மைத் தலைமைக்கு உயர்த்தாது. 1991இல் பொன்னை அடகு வைத்து அயல்நாட்டுக் கடனைச் சமாளித்த நாடு இது. இன்றும் ஆராய்ச்சிக்கு நாம் செலவிடுவது, நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. உலகத் தலைமை பற்றிய மேடைப் பேச்சை ஒதுக்கிவைத்து, அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே அரசுப் பள்ளிகளுக்கும் ஆய்வகங்களுக்கும் உரிய பங்கை நடுவண் அரசு அளிக்க வேண்டும்.