ஆயுதம் காட்டப் போன இடத்தில்

ஆயுதத்தைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார்கள், சந்தேக நபர் துவக்கைப் பறிக்கப் பார்த்தார், பொலிஸ் சுட்டது. இந்தச் செய்தியில ஊரும் பேரும்தான் மாறும். 2025 பெப்ரவரியில் கொட்டாஞ்சேனையில் பிடிபட்ட இரண்டு பேரின் கதையும் இதுதான். கணேமுல்ல சஞ்சீவ புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ள வைத்துச் சுடப்பட்ட அதே கிழமை. சனம் பயந்திருந்த நேரம், அதனால் எங்கட வட்ஸ்அப் குழுவில் கைதட்டல்தான். நானும் வாயைத் திறக்கவில்லை.

மாக்கந்துரே மதூஷை 2019இல் டுபாயில் பிடித்து இங்கே கொண்டுவந்தார்கள். 2020 ஒக்டோபர் 20, மாளிகாவத்தையில் போதைப்பொருளைக் காட்டப் போன இடத்தில் செத்தார். யார் யாருக்குக் காசு போனது, எந்த அரசியல்வாதி காப்பாற்றினார் என்பதெல்லாம் அவரோடயே போயிற்று. 2021 மே மாதம் கொஸ்கொட தாரகவுக்கு இதுதான் நடக்கப்போகுது என்று சட்டத்தரணிகள் சங்கம் முன்கூட்டியே பொலிஸ் மேலிடத்துக்குச் சொன்னது. சொல்லியும் நடந்தது.

"அவங்கள் நல்லவங்களா மச்சான்?" என்று கேட்கிறார்கள். இல்லை. ஆனால் வவுணதீவை ஒருக்கா யோசியுங்கோ. 2018 நவம்பர் 30, காவலரணில் இருந்த இரண்டு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார்கள். ஒருவர் தமிழர், ஒருவர் சிங்களவர். முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்து மாதக்கணக்கில் உள்ளே வைத்தார்கள். ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகுதான் செய்தது சஹ்ரானின் ஆட்கள் என்று தெரிய வந்தது. அந்த மனிசனையும் ஒரு இரவு ஆயுதம் காட்டக் கூட்டிக்கொண்டு போயிருந்தால்? கோப்பை மூடியிருப்பார்கள். செத்த அந்த இரண்டு பொலிஸ்காரரின் குடும்பங்களுக்கும் பிழையான ஆளின் பேர்தான் மிஞ்சியிருக்கும்.

குளப்பிட்டியில் 2016இல் செத்த எங்கட மாணவர்கள் இரண்டு பேரும் சந்தேக நபர்கள்கூட இல்லை. அதையும் முதலில் விபத்து என்றுதானே சொன்னார்கள்.

"உன்ர வீட்டில ஒருத்தரைச் சுட்டிருந்தா இப்பிடிக் கதைப்பியா?" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். சுட்டவனைவிட, காசு குடுத்து அனுப்பினவன் யார் என்றுதான் எனக்குத் தெரிய வேணும். அதைச் சொல்லக்கூடியவன் கூண்டில் ஏறும்வரைக்கும் உயிரோட இருக்கோணும் என்று அவனுக்கு எழுதினேன். இன்னும் பதில் போடவில்லை.