‘ஐன்ஸ்டீன் தவறா?’ - லேபிளை நம்பாதீர்கள், சோதனையைக் கேளுங்கள்!

‘ஐன்ஸ்டீன் தவறு என நிரூபணம்!’, ‘புதிய விசை கண்டுபிடிப்பு!’ - இப்படி ஏதாவது ஒரு வீடியோ அடிக்கடி நம் செல்போனுக்கு வந்துவிடுகிறது. ஈர்ப்பு விசை, காலவெளி பற்றிப் புதுப்புதுக் கோட்பாடுகள் வருவது நல்லதுதான். ஆனால், எதை நம்புவது?

விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதற்கான விடை புதிதல்ல. பட்டாசு லேபிளை அச்சடிப்பதும் சிவகாசிதான், பட்டாசின் சத்தத்தை அளந்து பார்ப்பதும் சிவகாசிதான். ‘சத்தம் குறைவு’ என்று டப்பாவில் போட்டால் மட்டும் போதாது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது விதி. தாண்டினால் ஃபெயில். எங்கே அளப்பது, எந்த எண் தோல்வி என்பதெல்லாம் திரியில் தீ வைப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அறிவியல் கோட்பாட்டுக்கும் இதே கதைதான்.

ஐந்தாவது விசை: என்ன நடந்தது?

இயற்கையில் அடிப்படை விசைகள் நான்கு என்பது பாடம். ஐந்தாவது ஒன்று இருக்கலாம் என்று 1986 ஜனவரியில் சொன்னார்கள் அமெரிக்க இயற்பியலாளர் எஃப்ரைம் ஃபிஷ்பாக்கும் அவருடைய சகாக்களும். ஹங்கேரியின் ஈட்வோஷ் குழு எடுத்து 1922-ல் வெளியான அளவீடுகளைத் தூசு தட்டிப் பார்த்ததில், பொருளுக்குப் பொருள் சின்ன வித்தியாசம் தெரிந்தது. அது உண்மையென்றால், வெற்றிடத்தில்கூட இரும்பும் இறகும் ஒரே மாதிரி விழாது. கலீலியோ காலத்துப் பாடமே ஆட்டம் காணும். நியூயார்க் டைம்ஸில் முதல் பக்கச் செய்தியானது அது.

ஃபிஷ்பாக் குழு ஒரு நல்ல காரியம் செய்தது. அந்த விசை எவ்வளவு பலம், எவ்வளவு தூரம் எட்டும் (சில நூறு மீட்டர்) என்று எண்ணைச் சொன்னது. எண் இருந்ததால்தான் சோதிக்க முடிந்தது.

கௌரிபிதனூர் சொன்ன பதில்

சோதித்தவர்களில் நம்மவர்களும் உண்டு. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ராமநாத் கௌசிக் குழு, கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் நிலத்தடியில் ஒரு முறுக்குத் தராசை அமைத்தது. மெல்லிய கம்பியில் வெவ்வேறு பொருள்களைத் தொங்கவிட்டு, பக்கத்தில் கனமான எடைகளை வைப்பார்கள். புதிய விசை இருந்தால் கம்பி துளியூண்டு முறுக்கிக்கொள்ளும். தரை அதிர்ந்தாலும், வெப்பம் மாறினாலும் தராசு ஏமாற்றிவிடும். அதனால்தான் நிலத்தடி.

1988-லும் 1990-லும் வெளியான அவர்களின் முடிவு: அப்படியொரு விசைக்கு அடையாளம் இல்லை. உலகில் ஓரிரு சோதனைகள் ‘இருக்கலாம்’ என்றாலும், பெரும்பாலானவை ‘இல்லை’ என்றே சொல்லின. 2016-ல் ஏவப்பட்ட பிரான்ஸின் மைக்ரோஸ்கோப் செயற்கைக்கோள், டைட்டானியமும் பிளாட்டினமும் விழுவதை ஒப்பிட்டது. ஆயிரம் லட்சம் கோடியில் சில பங்கு அளவுக்குக்கூட வித்தியாசம் தெரியவில்லை.

‘இல்லை’ என்பதற்கு இவ்வளவு செலவா?

நியாயமான கேள்வி. 2017 ஆகஸ்ட் 17-ல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பு அலை பூமியை எட்டியது. சுமார் 1.7 விநாடியில் காமா கதிரும் வந்தது. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகள் பயணித்தும் இவ்வளவுதான் இடைவெளி. ஈர்ப்பு அலை ஒளியைவிட வேகமாகவோ மெதுவாகவோ போகும் என்ற பல கோட்பாடுகள் அன்றே மூட்டை கட்டின. பல ஆண்டு விவாதத்தை ஒரே அளவீடு முடித்துவைத்தது.

மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் அமையும் லைகோ-இந்தியாவுக்கு 2023-ல் மத்திய அமைச்சரவை சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. புதிய விசையையோ புதிய காலவெளியையோ அது கண்டுபிடிக்காமலும் போகலாம். அதை வைத்து ‘காசு வீண்’ என்று தீர்ப்பு எழுதக் கூடாது. தவறான பாதையை அடைப்பதும் கண்டுபிடிப்புதான்.

அடுத்த முறை ‘ஐன்ஸ்டீன் தவறு’ என்று ஃபார்வர்டு வந்தால், இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்த அளவீடு வந்தால் இந்தக் கோட்பாடு தோற்கும்? அதை யாராவது அளந்தார்களா? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால், அது இன்னும் லேபிள்தான். வெடி அல்ல.