கத்தரிக்காய்க்கு ஒரு பரீட்சை

கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்துச் சொத்தை இருக்கிறதா என்று சோதிக்காமல் வாங்கும் இல்லத்தரசி உண்டோ? தண்டையும் காயையும் துளைக்கும் அப்புழுவுக்கு அஞ்சியே குடியானவர்கள் மீண்டும் மீண்டும் விஷ மருந்தைத் தெளிக்கிறார்கள். மண்ணில் வாழும் நுண்கிருமி ஒன்றின் மரபணுவைச் செடியில் புகுத்தினால், செடியே அப்புழுவைக் கொல்லும் என்று விஞ்ஞானிகள் கண்டார்கள். அப்படிப் பிறந்ததே பி.டி. கத்தரி. கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இம்முயற்சியில் பங்கு கொண்டது.

2009 அக்டோபரில் மத்திய சர்க்காரின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு இதற்கு இசைவு தந்தது. சுற்றுச்சூழல் மந்திரி ஜெயராம் ரமேஷ் ஏழு நகரங்களில் ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டறிந்தார். 2010 பிப்ரவரி 9-ந் தேதி அதை நிறுத்தி வைத்தார். அவர் கூறிய காரணங்களுள் ஒன்று நம் சிந்தனைக்கு உரியது: பரீட்சைகளை நடத்தியவர்கள் விதையை உண்டாக்கியவர்களே! தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்ளும் மாணவன் மெய்யாகவே கெட்டிக்காரனாக இருக்கலாம். ஆயினும் அந்த மார்க்கை நம்புவார் யார்?

அதே 2010-ல் குழுவின் பெயரில் இருந்த 'ஒப்புதல்' நீங்கி 'மதிப்பீடு' புகுந்தது. நல்லதே. ஆனால் பெயர் மாறினால் போதுமா?

வங்காள தேசம் 2013-ல் இக்கத்தரிக்கு அனுமதி அளித்தது. அங்கே மருந்துத் தெளிப்பு குறைந்ததாக ஆய்வுகள் கூறுகின்றன. ஆகவே விஞ்ஞானத்தைக் கண்டு நாம் மிரள வேண்டியதில்லை; கண்ணை மூடிக்கொண்டு வரவேற்கவும் வேண்டியதில்லை. விற்பவருக்குக் கடமைப்படாத பொதுப் பரிசோதனைச் சாலை ஒன்று வேண்டும். அதன் முடிவுகள் முழுமையும் ஜனங்களின் பார்வைக்கு வரவேண்டும். உண்ணப்போகிறவர் கேட்பதற்கு இது அதிகமன்று.