சேர்த்து வைத்தால் போதுமா?

"புருஷன் அடிச்சான்னு வர்ற பொண்ணுக்கு வேலைப் பயிற்சி எதுக்கு? வேலைக்குப் போறவளும்தான் அடி வாங்குறா. பேசிச் சேர்த்து வைங்க. கையில சம்பளம் வந்தா குடும்பம் நிக்காது."

சென்னீர்குப்பத்தில் குடியிருப்போர் கூட்டமொன்றில் ஒரு பெரியவர் இப்படிப் பேச, பலர் தலையாட்டினார்கள். அவருக்கும் தலையாட்டியவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

ஐயா, இது நாலு வீட்டுச் சண்டை இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் "சேர்த்து வைப்பது" காலங்காலமாக நடக்கிறது. காவல் நிலையத்தில் "இனிமேல் கை நீட்ட மாட்டேன்" என்று எழுதி வாங்கி இருவரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றி அனுப்புகிறார்கள். திரும்பிப் போகிறவளிடம் வீட்டு அட்வான்ஸுக்குப் பணம் இருக்கிறதா, பிள்ளையை யார் பார்ப்பார் என்று எவரும் கேட்பதில்லை. போக்கிடம் இல்லாமல் போகிறாள். அதைச் சமரசம் என்று கொண்டாட உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

போக்கிடம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஆய்வு செய்து 2005இல் வெளியிட்டார்கள். நிலமோ வீடோ தன் பேரில் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் அடி வாங்கியிருந்தார்கள். வீடு மட்டும் வைத்திருந்தவர்களில் 10 சதவீதம், இரண்டும் இருந்தவர்களில் 7 சதவீதம்தான். இங்கே கூலிக்குப் போகும் பெண்ணுக்கு வீடு எழுதிவைக்க யாரும் இல்லை. மாதச் சம்பளமும் அதை வைத்துப் பிடிக்கும் ஒற்றை அறையும்தான் அவளுக்கு எட்டுகிற போக்கிடம்.

வேலைக்குப் போகிறவளும் அடி வாங்குகிறாள் என்பது உண்மை. ஏன் என்று பாருங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்து தைக்கிறாள். ஏடிஎம் கார்டு கணவன் பாக்கெட்டில். வங்கிக் கணக்கில் கொடுத்திருப்பது அவன் நம்பர். சம்பளம் ஏறிய மெசேஜ் அவளுக்கு முன்னால் அவனுக்குப் போகிறது. அவளிடம் வேலை இருக்கிறது, காசு இல்லை. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இதைப் பொருளாதார வன்முறை என்கிறது. அவள் பேரில், அவள் நம்பரில் ஒரு கணக்குத் திறந்து கொடுப்பதும் பயிற்சியின் பகுதிதான். தையல் மெஷினை மட்டும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனால் அது அடகுக் கடையில் முடியும்.

சம்பளம் அவள் கைக்கு வந்தாலும் வேலை நிலைப்பதில்லை. கணவன் கம்பெனி கேட்டில் வந்து கத்துகிறான். "உன் வீட்டுப் பிரச்சினையை இங்க கொண்டு வராதே" என்று மறுநாள் அவளை நிறுத்திவிடுகிறார்கள். அதே சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, அவள் வேலை செய்யும் இடத்துக்குள் அவன் நுழையக் கூடாதென்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் வழி உண்டு: 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்பது 2017இலிருந்து சட்டம். இதையெல்லாம் அவளுக்குச் சொல்லித்தர, கூடவே நீதிமன்றம் வர, ஒருவர் வேண்டும். வேலைப் பயிற்சி எதுக்கு என்று கேட்டபோது நீங்கள் வேண்டாம் என்றது அந்த ஒருவரையும்தான்.

2018இல் சென்னையில் ரைட்டர்ஸ் கஃபே என்ற உணவகம் திறந்தபோது, குடும்ப வன்முறையில் தீக்காயம்பட்டுப் பிழைத்த பெண்களுக்குச் சமையலும் பேக்கிங்கும் கற்றுத்தந்து வேலைக்கு வைத்தார்கள். முகத்திலும் கையிலும் தழும்போடு நெருப்புக்கு முன்னால் மறுபடி நிற்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அவர்களிடம் போய், சம்பளம் உங்களைக் கெடுத்துவிடும் என்று சொல்வீர்களா?

வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் பொதுவாக 5 நாள் வரைதான் தங்கலாம். ஆறாம் நாள் காலையில் பிள்ளையோடு வெளியே வருகிறவள் எங்கே போக வேண்டும்? அடுத்த கூட்டத்தில் பேசும்போது முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.