தொந்தியும் தராசும்

நாற்பது பிராயம் கடந்த இரண்டு நண்பர்கள் சந்தித்தால், க்ஷேமலாபங்கள் விசாரித்து முடிந்ததுமே பேச்சு தொந்தியின் பக்கம் திரும்புவதும், "வயசாச்சு, மெட்டபாலிசம் குறைஞ்சு போச்சு" என்று ஒருவர் பெருமூச்செறிய, மற்றவர் அதை வேதவாக்காக ஏற்று இன்னொரு பஜ்ஜியை எடுத்துக்கொள்வதும் சம்பிரதாயமாகிவிட்டது. இந்தச் சமாதானத்தில் சாரமில்லை. 29 தேசங்களைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டவர்களின் சக்திச் செலவைத் தொகுத்து 2021-இல் வெளியான ஆராய்ச்சி, தேகத்தின் பருமனையும் கொழுப்பு நீங்கிய எடையையும் கணக்கில் கொண்டு பார்த்தால், 20 வயது முதல் 60 வயது வரை அச்செலவு ஏறக்குறைய மாறாமலே இருக்கிறது என்று காட்டிற்று. ஆகவே பாவம், ஜடராக்கினியின்மீது பழி போடுவதை விட்டு, இலையைக் கவனிப்பதே நியாயம்.

அந்த இலையில் என்ன இருக்கிறது? சாம்பாருக்கு ஒரு குவியல் சோறு, ரசத்துக்கு ஒரு குவியல், மோருக்கு இன்னொன்று. ஓரத்தில் வெட்கத்தோடு ஒதுங்கிய இரண்டு கரண்டிப் பொரியல். பருப்பு என்பதோ சாம்பாரில் கரைந்து பெயரளவில் நிற்பது. அந்தப் பருப்பிலுள்ள புரதத்தை ஜீரணித்துப் பயன்படுத்துவதற்கே அதன் சக்தியில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிவிடுகிறது. மாவுச்சத்துக்கு அச்செலவு 5 முதல் 10 சதவீதமே. சோறு அப்படியே கொழுப்பாகிவிடுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. சோற்றின் சர்க்கரை ரத்தத்தில் ஏறியதும் இன்சுலின் சுரந்து, சரீரம் அந்தச் சர்க்கரையையே முதலில் எரிக்க, தாளித்த எண்ணெயும் அப்பளத்தின் எண்ணெயும் எரியாமல் மிச்சப்பட்டு இடுப்பைச் சுற்றிச் சேமிப்பாகின்றன. செலவுக்கு மேல் உண்ணும் வரை இந்தச் சேமிப்புக்கு ஓய்வே இல்லை.

இதில் தராசு நம்மை ஏமாற்றவும் செய்யும். பூனாவின் யாஜ்னிக், லண்டனின் யுட்கின் என்ற இரண்டு வைத்தியர்கள் தங்கள் தேகங்களையே உதாரணமாக்கி 2004-இல் 'லான்செட்' பத்திரிகையில் பிரசுரித்தார்கள். உயரத்துக்கு எடை எத்தனை என்று பார்க்கும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3, ஆனால் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்னே நடக்கும் நம் தேகவாகு இது. பான்ட் அணிபவரை பெல்ட்டின் துளையாவது எச்சரிக்கும்; வேஷ்டியோ பெருந்தன்மையுள்ளது, எத்தனை அங்குலம் கூடினாலும் புகார் சொல்லாது.

பதறிப்போய்ப் பட்டினி கிடப்பதும் உபாயமன்று. 1944-45-இல் மினசோட்டா சர்வகலாசாலையில் ஆன்செல் கீஸ் என்பவர், தாமாக முன்வந்த 36 வாலிபர்களை 24 வாரம் அரைவயிற்று ஆகாரத்தில் வைத்தபோது, எடை கால்பங்கு கரைந்ததோடு, ஓய்வாக இருக்கையில் உடல் செலவிடும் சக்தியும் சுமார் 40 சதவீதம் இறங்கிவிட்டது; மீண்டும் வயிறார உண்ணத் தொடங்கியபோது தசைக்கு முன்னே கொழுப்பு ஓடிவந்து பழைய அளவையும் தாண்டிற்று. காலையில் இட்லியைத் துறந்து, இரவு பத்து மணிக்கு ஹோட்டலில் பரோட்டாவுடன் விரதம் முடிக்கும் சிநேகிதர்களுக்கு இதை எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். மோருக்கு வைக்கும் குவியலைக் குறைத்து, அந்த இடத்தில் சுண்டலையோ முட்டையையோ வைப்பது அதைவிட எளிது. ஆனால் அதில் வீரம் இல்லை போலும்!

நம் தேசத்து ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டருக்குள்ளும், பெண்களுக்கு 80-க்குள்ளும் இருக்கவேண்டும் என்பது வைத்தியர்கள் வகுத்த எல்லை. காரியாலயங்களில் ஆண்டுதோறும் தேகப் பரிசோதனை நடத்துபவர்கள் எடைமேடையோடு ஒரு இஞ்சு டேப்பையும் வைத்துக்கொண்டால் பெரிய செலவொன்றும் ஆகாது. என் வீட்டில் தையல் பெட்டியிலிருந்து அதை எடுத்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அளந்தேன்: 93. "மூச்சை விட்டுட்டு அளங்கோ" என்றாள் மனைவி. 97.