குறை மோட்டாரில் இல்லை

"ஸ்டெப்பர் பொம்மைக்குத்தான் லாயக்கு, வீட்டில் சிஎன்சி கட்டுபவர் கடன் வாங்கியாவது சர்வோ போட வேண்டும்" என்று அடித்துச் சொல்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

ஸ்டெப் தவறுகிறதாம். தவறும்தான். ஆனால் ஏன்? வேகம் கூடக்கூட, சுருளின் இண்டக்டன்ஸ் மின்னோட்டத்தை ஏற விடாது, முறுக்குவிசை சரியும். நீமா 23 மோட்டாருக்கு 24 வோல்ட் கொடுத்துவிட்டு வேகமில்லை என்று புலம்புவது என்ன நியாயம்? டிரைவர் தாங்குமானால் 48 வோல்ட் கொடுத்துப் பாருங்கள்.

கணக்கையும் போடுவோம். ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். 5 மி.மீ. பிட்ச் பால் ஸ்க்ரூவில் ஒரு முழு ஸ்டெப் 0.025 மி.மீ. 600 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்கு 3 மீட்டர் நகரும். மரமும் அக்ரிலிக்கும் வெட்டும் மேசை மெஷினுக்கு இது தாராளம்.

என் மெஷினில் ஒருமுறை வட்டம் முட்டையாக வந்தது. மோட்டாரைக் கழற்றப் போனபோதுதான் கப்ளிங் திருகு தளர்ந்திருப்பதைப் பார்த்தேன். சர்வோ இருந்திருந்தாலும் அதே முட்டைதான். அதன் என்கோடர் மோட்டார் தண்டைத்தான் கவனிக்கும். கப்ளிங்குக்கு அப்பால் நடப்பது அதற்குத் தெரியாது.

நாள் முழுக்க, 3,000 ஆர்.பி.எம்.மில் ஓட வேண்டிய மெஷினுக்கு சர்வோதான் சரி, மறுக்கவில்லை. ஸ்டெப் தவறுமோ என்ற பயம் மட்டும்தான் என்றால், என்கோடர் பொருத்திய க்ளோஸ்டு லூப் ஸ்டெப்பரே போதும்.

முதல் மெஷின் கட்டுபவர்களே, மிச்சமாகும் பணத்தை ஃபிரேமிலும் லீனியர் ரெயிலிலும் போடுங்கள்.