பில்லியனுக்கு எத்தனை சைபர்?

ஆண்பிள்ளைகள் நாலு பேர் திண்ணையில் சேர்ந்தால் என்ன பேசுவார்கள்? ஒன்று, பணம். இல்லாவிட்டால், நம் தலை தெரிந்ததும் சட்டென்று நின்றுபோகிற பேச்சு. வடசேரியில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது இரண்டும் கலந்து நடந்தது.

அத்தை மகன் அமெரிக்காவிலிருந்து லீவில் வந்திருந்தான். அவனுக்கு எதிரே பாட்டா. ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர், லண்டன் இங்கிலீஷில் ஊறியவர்.

"எண்பது டாலருக்கு ஒரு பேண்ட்ஸ் எடுத்தேன், பாட்டா!"

"உள்ளே உடுத்துகதுக்கா எண்பது டாலர்? எவன்டே பார்க்கப் போறான்?"

திண்ணையே குலுங்கியது. லண்டனில் பேண்ட்ஸ் என்றால் உள்ளாடையாம். கால்சட்டைக்கு டிரௌசர்ஸ் என்று பெயராம்!

"எங்க மானேஜர் தினமும் சஸ்பெண்டர்ஸ் போட்டுத்தான் ஆபீசுக்கு வருவார்" என்றான் பையன் அடுத்தபடியாக. பாட்டாவுக்குப் புரையேறிவிட்டது. அமெரிக்காவில் அது கால்சட்டை நழுவாமல் தோளில் மாட்டுகிற பட்டை. லண்டனிலோ பெண்கள் காலுறையைப் பிடித்து நிறுத்துகிற சமாசாரம்!

பென்சிலை அழிக்கிற ரப்பரை அமெரிக்கக் கடையில் 'ரப்பர்' என்று கேட்டால் என்ன எடுத்துக் கொடுப்பார்கள் என்பதைப் பையன் மாமாவின் காதில் சொன்னான். அந்தச் சமயம் பார்த்து நான் காப்பியோடு போய் நின்றேன். பேச்சு நின்றது. நின்றதும் நல்லதுதான், ஆசிரியர் அதற்கு இந்தப் பக்கத்தில் இடம் கொடுக்கமாட்டார்.

பிறகு ஜம்பம் பணத்துக்குத் தாவியது. கம்பெனிக்கு இத்தனை பில்லியன், தனக்கு வருஷத்துக்கு இத்தனை ஆயிரம் டாலர் என்று அளந்தான்.

பாட்டா படித்த கணக்கில் பில்லியன் என்றால் ஒன்றுக்குப் பின்னால் 12 சைபர். நம் லட்சம் கோடி. அமெரிக்கனுக்கு 9 சைபர்தான், நூறு கோடி. சொல் ஒன்று, வித்தியாசம் ஆயிரம் மடங்கு! கடைசியில் பிரிட்டிஷ்காரர்தான் இறங்கி வந்தார். சர்க்கார் கணக்குகளில் இனி அமெரிக்கப் பில்லியனே என்று 1974-இல் பிரதமர் ஹரால்டு வில்சன் சொல்லிவிட்டார்.

"அடடா, எத்தனை பயல்களுக்கு மூணு சைபர் கூடுதலாகச் சொல்லிக் கொடுத்திட்டேன்!" என்று பாட்டா நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"இதிலே என்ன அதிசயம்? எங்க காலத்திலே ரூபாயே ரெண்டு" என்று அடுக்களையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஆச்சி!

வாஸ்தவந்தான். 1949-இல் கொச்சியோடு இணைகிறவரை திருவிதாங்கூருக்குத் தனி நாணயம் இருந்தது. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு ரூபாய். ஆக, 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28½ சக்கரம்.

"எவன் சம்பளப் பெருமை பேசினாலும் எங்க அம்மை, 'எந்த ரூபாய்?' என்றுதான் முதல்லே கேட்பா. நீ சொல்லு மக்கா. இந்த டாலரெல்லாம் வாயாலே சொல்லுகதா, கைக்கு வருகதா?"

திண்ணையில் சிரிப்பு அடங்கியது. பையன் தலையைச் சொறிந்தான். அங்கே சம்பளம் என்று சொல்வது வருஷத்துக்கு, அதுவும் வரி பிடிப்பதற்கு முன்னால் உள்ள தொகை. வரி போக, வீட்டு வாடகை போக, இன்ஷூரன்ஸ் போக, படிப்புக்கு வாங்கிய கடன் தவணையும் போக, மிஞ்சுவது எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணினான். இரண்டு கை விரல்களும் தேவைப்படவில்லை.

அத்தை நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் கப்பல் போன்ற கார், மாளிகை போன்ற ஆபீஸ் என்று போட்டோ அனுப்பிக்கொண்டே இருந்தான். அவன் பயணத்துக்காக அடகு வைத்த அவளுடைய ஆறு பவுன் வளையல் மட்டும் இன்னும் பாங்கிலேயே இருக்கிறது. நாலு வருஷமாக அதைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை.

அன்று இரவு பாத்திரம் கழுவும்போது என்னிடம் சொன்னாள்: "இருந்தும் தரல்லேன்னு நெனச்சு எத்தனை ராத்திரி மனசு வேகியிருக்கேன், தெரியுமா? இல்லாமத்தான் தரல்லே. இதை முதல்லேயே சொல்லியிருக்கப்பிடாதா?"

ஆண்பிள்ளையின் ஜம்பம் திண்ணையில் இருப்பவர்களுக்கு வேடிக்கை. வீட்டுக்குள் இருப்பவளோ அதை நிஜமென்று நம்பிவிடுகிறாள். ஆகவே சகோதரிகளே, உங்கள் வீட்டில் யாராவது சம்பளப் பெருமை பேசினால் ஆச்சியின் கேள்வியைக் கேட்டு வையுங்கள். சைபர்கள் தானாகக் கழன்றுவிடும்.

மறுநாள் காலையில் பையன் அம்மையின் அடகுச் சீட்டை வாங்கி, வட்டி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். உடுத்தியிருந்தது அந்த எண்பது டாலர் பேண்ட்ஸ்தான். வெளியே உடுத்துவது!